சவுக்கு விறகு: வளர்ப்பதைவிடக் காயவைப்பதுதான் வேலை

சூலூர்பேட்டையில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் இருக்கிறார். விறகு வண்டி வாசலில் நின்றதும் விலை பேச மாட்டார். மேலே கிடக்கும் கட்டைகளைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து இரண்டை உருவி ஒன்றோடொன்று தட்டுவார். 'டங்' என்று கேட்டால் இறக்கச் சொல்வார். சத்தம் மந்தமாக இருந்தால், "அக்கா, இதி பச்சி கட்டெ" (இது பச்சைக் கட்டை) என்று தெலுங்கில் சொல்லி உள்ளே போய்விடுவார். 2009-ல் நாங்கள் முதன்முதலாக வெட்டிய சவுக்கை அப்படித்தான் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தோம். நாலு வருஷம் வளர்த்த மரம். வெட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது நியாயம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

எங்கள் நிலம் ஆரம்பாக்கத்தைத் தாண்டி, தடா பக்கம். நிலம் ஆந்திராவில், பேச்சு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. நாம் சவுக்கு என்பதை அவர்கள் சருகுடு என்பார்கள். இரண்டரை ஏக்கர் மணல்பாங்கான பூமி. மாமனார் காலத்தில் முழுக்க வேர்க்கடலை. இப்போது நான்கு துண்டாகப் பிரித்து நான்கிலும் சவுக்கு. அதில் எனக்குப் பிடிபட்டதை, குறிப்பாக நான் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதை, விறகுக்காக மரம் வளர்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்தக் கரைக்கு விறகு புதிதல்ல. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தோணி தோணியாக மெட்ராஸுக்கு விறகு போயிருக்கிறது. என் மாமியாரின் அப்பா அந்தத் தோணியில் போனவர். மெட்ராஸில் பேட்டைக்குப் பேட்டை விறகுத்தொட்டி, அதாவது விறகுக் கடை, இருந்த காலம் அது. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், மெட்ராஸ் ரயில்வேயின் நீராவி இன்ஜின்களுக்கு எரிபொருள் வேண்டும் என்றே கடலோரத்தில் சவுக்கு நட்டார்கள். 1969-ல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்வானது. இன்று ராக்கெட் கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்கிறது. சவுக்கு மட்டும் தோட்டத்தில் அப்படியே இருக்கிறது.

நாற்று, குழி, இடைவெளி

சவுக்கு விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிலோவில் பல லட்சம் விதை. மணல் பாத்தியில் தூவி, மேலே மெல்லிசாக வைக்கோல் பரப்பாவிட்டால் எறும்பு ஒரே இரவில் வழித்துக்கொண்டு போய்விடும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் நாற்றை விலைக்கு வாங்குவதே நல்லது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் விதைக்குப் பதில் தேர்ந்த மரத்தின் துளிரிலிருந்தே எடுத்த, நேராக, சீக்கிரமாக வளரும் குளோன் ரகங்களைக் கொடுத்திருக்கின்றன. நம் நாட்டுச் சவுக்கையும் ஜுங்குனியானா என்ற இன்னொரு வகைச் சவுக்கையும் கலந்து எடுத்த ரகங்களும் அதில் உண்டு. விலை கூடத்தான். ஆனால் மரம் ஒரே கனத்தில் வரும், கட்டை பிளக்கச் சுலபம்.

ஒருமுறை ஒரு தனியார் நாற்றங்காலில் குளோன் என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி 1,300 நாற்று வாங்கினேன். ஆறு மாதத்தில் ஒன்று இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேல். விதை நாற்றைத்தான் கலந்து கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து நாற்று வாங்கும்போது ஒரு பையைப் பிரித்து வேரைப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. வேர் பையின் அடியில் சுருண்டு வட்டமடித்திருந்தால் வேண்டாம். அந்த மரம் பெருங்காற்றில் நிற்காது.

வேரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நன்றாக வளர்ந்த சவுக்கின் அடியில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். சின்னச் சின்ன இஞ்சிக் கொத்து மாதிரி, செம்மண் நிறத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும். பிராங்கியா என்ற நுண்ணுயிர் அதற்குள் குடியிருந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனை மரத்துக்குக் கொடுக்கிறது. வெறும் மணலில் யூரியா இல்லாமல் சவுக்கு தழைப்பது இதனால்தான். பழைய தோப்பு மரத்திலிருந்து ஒரு கைப்பிடி முடிச்சை எடுத்து அம்மியில் நசுக்கி, தண்ணீரில் கரைத்து, நாற்றுக்கு ஊற்றுகிறேன். முன்பு சவுக்கே இல்லாத நிலத்தில் நடுபவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

நடுவதற்கு ஐப்பசி மழை பிடித்து மண் நனைந்ததும் நல்ல நேரம். ஒரு அடி ஆழக் குழி போதும். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது.

இடைவெளி விஷயத்தில் நான் பலரோடு மாறுபடுகிறேன். எங்கள் பக்கம் 3 அடிக்கு 3 அடி என்று நெருக்கி நடுவார்கள். கழி மெல்லிசாக, நேராக வரும், பந்தலுக்கும் சாரத்துக்கும் விலை போகும். நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தது. மூன்று வயது மரங்கள். ஒல்லியாக உயர்ந்திருந்ததால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, காலையில் போய்ப் பார்த்தால் பாய் விரித்த மாதிரி கிடந்தன. இப்போது 4 அடிக்கு 5 அடி வைக்கிறேன். ஏக்கருக்கு ஏறக்குறைய 2,180 மரம். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் கனம். விறகுக்கு வேண்டியது கனம்தான்.

கடற்கரை மணலிலேயே நடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகிற மணல் அது. கடல் ஓரம் வரைக்கும் வேரும் நிழலும் போனால் அவை எங்கே போகும்?

வளர்க்கும் காலம்

முதல் வருஷம் வரிசைகளுக்கு நடுவே வேர்க்கடலை போடலாம், களைக்கும் அதுவே மருந்து. கோடையில் வாரம் ஒரு தண்ணீர். ஒரு வருஷம் முடிந்ததும் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் பக்கக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். அந்த மிளார் வீட்டு அடுப்புக்கு ஆகும். இரண்டாம் வருஷத்திலிருந்து பெரிய வேலை கிடையாது.

ஒன்றே ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். மரப்பட்டையில் கொப்புளம் கண்டால் விரலால் கீறிப் பாருங்கள். உள்ளே அடுப்புக் கரி மாதிரி கறுப்புப் பொடி விரலில் ஒட்டினால் அது கொப்புள நோய், ஒரு பூஞ்சை. அந்தப் பொடிதான் காற்றில் பறந்து அடுத்த மரத்துக்குப் போகிறது. அந்த மரத்தை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, சுற்றிலும் ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டிவிடுங்கள். பாவம் பார்த்தால் வரிசையே போய்விடும்.

கீழே உதிரும் சருகை முழுக்க வாரிக்கொண்டு போகாதீர்கள். மண்ணுக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் சித்திரை வெயிலில் அது பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும். அதனால் ஓரத்தில் மட்டும் சுற்றிலும் பத்து அடி அகலத்துக்குக் கூட்டி, மண் தெரிய வைக்க வேண்டும்.

நான்கு துண்டு

விறகு புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்று பேசுகிறார்கள். அது தானாக அப்படி ஆகிவிடாது. மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நின்றால்தான் அந்தக் கணக்கு நேராகும். நாட்டுச் சவுக்கு வெட்டிய தூரிலிருந்து நம்பகமாகத் துளிர்க்காது. தைலமரம், சூபாபுல், சீமைக்கொன்றை (கிளைரிசிடியா) மூன்றும் துளிர்க்கும். சவுக்கு என்றால் புதிதாக நட்டே ஆக வேண்டும்.

அதற்காகத்தான் நான்கு துண்டு. ஒவ்வொன்றும் 60 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். வருஷத்துக்கு ஒரு துண்டு வெட்டு, அதே வருஷம் ஐப்பசியில் அங்கேயே நடவு. எப்போது போனாலும் மூன்று துண்டில் மரம் நிற்கும். ஒரு துண்டில் பச்சையாக 17, 18 டன் வரை எங்களுக்குக் கிடைக்கிறது. நேரான கழிகளைத் தனியே எடுத்து விற்றுவிட்டு, மீதியும் மிளாரும் தூர்க்கட்டையும் விறகு. நிலம் குறைவாக இருப்பவர்கள் வேலியோரம் சீமைக்கொன்றை வைத்தால் போதும். வருஷம் ஒரு முறை கழித்தால் தழை ஆட்டுக்கும் எருவுக்கும், குச்சி அடுப்புக்கும் ஆகும்.

காயவைப்பது

இதற்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதினேன்.

முற்றிலும் காய்ந்த சவுக்கு ஒரு கிலோ எரிந்தால் 4,500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தரும். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பாலானதும் அந்த அளவோ அதற்குக் கீழோதான், அதில் 100 கிலோவுக்கு 30, 40 கிலோ சாம்பல் வேறு மிஞ்சும். சவுக்கில் சாம்பல் ஓரிரு கிலோ. ஆனால் அன்று வெட்டிய கட்டையில் எங்கள் மரத்தில் 100 கிலோவுக்கு 45 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே 600 கிலோ கலோரிக்கு மேல் போகும். கணக்குப் போட்டால், பச்சை விறகு கிலோவுக்கு 2,200 கிலோ கலோரிதான் தேறும். அதே கட்டை 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்துவிட்டால் கிலோவுக்கு 3,700. பச்சை விறகு வாங்குகிறவர் பாதிக் காசைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். ஈரக் கட்டையில் அடுப்பு சூடேறாமல், எரிய வேண்டிய வாயுவெல்லாம் புகையாகவே வெளியே போவது இதற்கு மேல். என் மாமியார் முப்பது வருஷம் அந்தப் புகையில் சமைத்தார். கடைசிக் காலத்தில் இருமாமல் ஒரு வாக்கியம் அவரால் பேச முடியவில்லை. பச்சை விறகு என்றால் எனக்குக் கோபம் வருவது வியாபாரத்துக்காக மட்டும் அல்ல.

2009-ல் வண்டி திரும்பி வந்த பிறகு செய்ததும் தப்பு. கட்டைகளைத் தரையிலேயே நெருக்கி அடுக்கி, தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிவிட்டோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே புழுக்கம், கட்டை மேல் வெள்ளைப் பூஞ்சை, அடி வரிசையில் கரையான் மண். வெயில்தான் காயவைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் காயவைப்பது காற்று.

இப்போது செய்வது இப்படி. மழை முற்றிலும் நின்ற பிறகு, தை கடைசியிலோ மாசியிலோ வெட்டு. கட்டையை ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து, கை மணிக்கட்டைவிடப் பெரிதாக இருந்தால் அந்த வாரமே பிளந்துவிட வேண்டும். சவுக்கு பச்சையில் கோடாலிக்கு இடம் கொடுக்கும், காய்ந்துவிட்டால் கோடாலி துள்ளும். பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது, பிளந்த முகம் வழியாகத்தான் அது வெளியேறும். அதனால் பிளக்காத உருளைக் கட்டை ஒரு வருஷம் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும்.

அடியில் செங்கல் வைத்து, அதன்மேல் இரண்டு பழைய கழியைக் குறுக்கே போட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நெடுக்கு, அடுத்த வரிசை குறுக்கு. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். அடுக்கின் அகலமான பக்கம் காற்றைப் பார்க்கட்டும். எங்களுக்குக் காலையில் மேல்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று, அதனால் அடுக்கைத் தெற்கு வடக்காக நீட்டுகிறேன். மேலே மட்டும் தகரம் அல்லது தென்னங்கீற்று. பக்கங்களை ஒருபோதும் மூடக் கூடாது. கோடை மழைக்குப் பயந்து மூட வேண்டாம், வெளிப்புறம் நனைவது இரண்டு நாளில் போய்விடும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மீட்டர் எல்லாம் வேண்டியதில்லை, வீட்டுத் தராசு போதும். அடுக்கும்போதே ஆறு துண்டுகளை எடுத்து எடை போட்டு, எண்ணெய்ப் பெயின்ட்டால் நம்பர் போட்டு, குவியலின் நடுவில் கைக்கு எட்டும்படி சொருகி விடுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை அதே துண்டுகளை எடுத்து நிறுத்து நோட்டில் எழுதுங்கள். ஆரம்பத்தில் எடை மளமளவென்று இறங்கும், போகப்போக நிதானமாகும். 1,000 கிராமில் ஆரம்பித்த துண்டு 650 கிராமுக்கு வந்து, இரண்டு தடவை நிறுத்தும் அசையாமல் நின்றால் முடிந்தது. கடலோரக் காற்றில் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. எங்களுக்கு மாசியில் அடுக்கினால் வைகாசிக் கடைசி ஆகிறது. அக்கினி நட்சத்திரம் முழுக்க நமக்கு வேலை செய்கிறது.

தராசு இல்லாவிட்டால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆரம் ஆரமாக விரிசல் ஓடியிருக்கும், பட்டை நகத்தால் தள்ளினால் கழன்று வரும். ஒரு துண்டை அடுப்பில் வைத்தால் மறுமுனையில் உஸ்ஸென்று நுரை தள்ளக் கூடாது. தள்ளினால் இன்னும் நாள் இருக்கிறது.

எரிப்பது, விற்பது

காய்ந்த விறகையும் மோசமான அடுப்பு வீணாக்கிவிடும். ஒரு 14.2 கிலோ காஸ் சிலிண்டரில் ஏறத்தாழ 1,55,000 கிலோ கலோரி இருக்கிறது, அதில் மூன்றில் இரண்டு பங்கு பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மூன்று கல் அடுப்பில் நன்றாகக் கவனித்து எரித்தாலும் 15 சதவீதம்தான் சேரும். அப்படியென்றால் ஒரு சிலிண்டரின் சமையலுக்குக் காய்ந்த விறகு ஏறக்குறைய 185 கிலோ. புகைபோக்கியும் அடியில் இரும்புத் தட்டியும் வைத்த அடுப்பில் 25 சதவீதம் கிடைத்தால் 110 கிலோவில் முடிந்துவிடும். தட்டி முக்கியம். விறகுக்கு அடியிலிருந்து காற்று ஏற வேண்டும். அடுப்பு வாயில் திணிக்காமல் மூன்று நான்கு துண்டாக, நுனி மட்டும் எரியும்படி தள்ளிக் கொடுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவான அஸ்த்ரா அடுப்பும் இந்த வழியில் யோசித்துச் செய்ததுதான். வீட்டுக்குள் தினமும் சமைக்க நான் காஸ்தான் வைத்திருக்கிறேன். நெல் அவிக்க, வெந்நீர் போட, விசேஷச் சமையல் எல்லாம் பின்கட்டில் விறகு.

விறகிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம். குறைந்த காற்றில் எரித்து வரும் வாயுவை இன்ஜினுக்குக் கொடுக்கும் எரிவாயுக் கலன்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி குடிநீர் மோட்டாருக்கு அப்படி ஒன்றை வைத்தது. ஒரு யூனிட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ விறகு ஆகும். அங்கேயும் இதே நிபந்தனைதான்: ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தார் படிந்து இன்ஜின் நின்றுவிடும்.

விற்கும்போது வியாபாரி தோப்பைப் பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்வார். அவசரம் இல்லையென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடை மேடையில் டன் கணக்கில் பேசுங்கள். பச்சை எடையா, காய்ந்த எடையா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ந்ததும் எடை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் காய்ந்த விறகின் டன் விலை பச்சையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால்தான் மூன்று மாதம் காத்ததற்குப் பலன். மிட்டாய்க் கடை, கல்யாண மண்டபம், பேக்கரி இவர்கள் அந்த விலை தருவார்கள். செங்கல் சூளை தராது, அங்கே தூர்க்கட்டையையும் உருளையையும் கொடுங்கள். லாரி மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று வன அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று கேட்பது நல்லதில்லை.

இந்த வருஷ அடுக்கில் நம்பர் போட்ட ஆறு துண்டில் ஐந்து நின்றுவிட்டன. மூன்றாம் நம்பர் மட்டும் போன தடவை 690, நேற்று 670. கொஞ்சம் தடியான துண்டு. மிட்டாய்க் கடைக்காரர் ஆடி விசேஷங்களுக்கு விறகு கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். இன்னும் பத்து நாள் கழித்து நிறுத்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.